சமிக்ஞையை நிறுப்பது எவ்வாறு: மலையகத்துக் கணினி மாணவர்க்கு ஒரு திறந்த மடல்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிறந்து, பேராதனையிலோ கொழும்பிலோ நகரத்து மாடிப்படிக்கு மேலுள்ள சிறு வகுப்பறைகளிலோ கணினிக் கலை பயின்று வரும் தம்பி தங்கையருக்கு,

கைத்தொலைபேசியின் மேல்விளிம்பிலே தோன்றும் நான்கு சிறு கோடுகளைப் பார்த்து, "கவரேஜ் இருக்கு" என்றோ "கவரேஜ் இல்ல" என்றோ தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவது, நம் லயங்களில் இன்று கிழவர் முதல் குழந்தைகள் வரை எல்லாருக்கும் பழகிப்போன காரியம். அந்தக் கோடுகள் ஓர் அபிப்பிராயம். எங்கோ ஒரு நிறுவனத்தில் அமர்ந்து மென்பொருள் எழுதிய ஒருவர், இத்தனைக்கு மேற்பட்டால் நான்கு, இத்தனைக்குக் கீழிறங்கினால் ஒன்று என்று தமக்குச் சரியென்று பட்டவாறு வகுத்து வைத்தது. அதற்கு அடியிலே, வானலையாக வந்து சேர்ந்த சக்தி எவ்வளவு என்பதை, நீங்கள் டிரைவர் என்று வழங்கும் இயக்கி மென்பொருள் கணக்கிட்டு உரைக்கும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அதில் அளவை எவ்வளவு, ஊகம் எவ்வளவு, ஒப்பனை எவ்வளவு என்பதை மலையகத்துப் பிள்ளைகளாகிய நீங்கள் பிறரைக் காட்டிலும் ஒருபடி அதிகமாகவே அறிந்திருக்க வேண்டுமென்று வற்புறுத்துவதற்காகவே இம்மடலை வரைகிறேன்.

காரணத்தை நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வியனைத்தும் ஒரு சிறு திரைக்குள் புகுந்துகொண்ட நாட்களிலிருந்து, சமிக்ஞை என்பது சௌகரியம் என்ற நிலையைக் கடந்து, பிள்ளைகளின் எதிர்காலத்தையே நிர்ணயிக்கும் வஸ்துவாகிவிட்டது. 2021ஆம் ஆண்டில் போஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் காட்டுவழி நடந்து மலையுச்சிக்கு ஏறிப் பாடம் பெற்றதும், லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் மரத்தின்மேற் கட்டிய குடிலில் அமர்ந்து படித்ததும் உலகத்துப் பத்திரிகைகளிலே படத்தோடு வெளிவந்தன. படமெடுப்பார் எவரும் எட்டிப் பாராத தோட்டங்களில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாறைகளின்மேல் நின்றவர்களில் உங்களிற் சிலரும் இருந்திருப்பீர்கள். தென்னாசியாவிலேயே முதன்முதலாகச் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கியது இந்த இலங்கைத் தீவிலேதான். நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை, 2,524 மீற்றர் உயரத்தோடு, நுவரெலியாவின் தலைமாட்டிலேதான் நிற்கிறது. 1982இல் தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சியின் அலைபரப்பியைத் தாங்கி நிற்பதும் அச்சிகரந்தான். தீவு முழுவதையும் நோக்கி அலை வீசுகின்ற மலையின் நிழலிலேயே அலை எட்டாத பள்ளத்தாக்குகளும் இருக்கின்றன என்றால், அதில் இயற்கையின் நியதி ஒரு பங்கு, மனிதரின் அலட்சியம் ஒரு பங்கு. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதற்கு அளவை வேண்டும்.

முதலில் அலகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வானலையின் வலிமையை ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தின் மடக்கையை எடுத்துப் பத்தால் பெருக்கிச் சொல்வது வழக்கம். டிபிஎம் என்பது அதுவே. ஒரு மில்லிவாட்டு என்றால் பூஜ்யம். சக்தி பத்தில் ஒரு பங்காகக் குறையுந்தோறும் எண்ணில் பத்துப் பத்தாகக் கழியும். பாதியாகக் குறைந்தால் ஏறத்தாழ மூன்று கழியும். வீட்டு ரூட்டர் நூறு மில்லிவாட்டில், அதாவது +20 டிபிஎம்மில் அலை வீசுகிறதென்று கொண்டால், இரண்டு சுவர் தாண்டி −60 என்று உங்கள் மடிக்கணினிக்குக் கிடைப்பது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. −90 என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இத்துணை அற்பமான சக்தியிலிருந்து ஒரு பாடத்தின் எழுத்தையும் ஒலியையும் மீட்டெடுக்கிற சாதனத்தை, கடைத்தெருவில் சொற்ப விலைக்கு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறோம் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் பிரமிப்பு நீங்குவதில்லை.

இனி, அந்தச் சாதனத்தின் வைஃபைச் சில்லுக்குள்ளே நடப்பதைப் பார்ப்போம். ரூட்டரின் பக்கத்திலே −20 என்றும் தோட்டத்தின் கோடியிலே −95 என்றும் வருகிற சமிக்ஞைகளுக்கிடையே மூன்று கோடி மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் இருக்க, அவற்றை எண்களாக மாற்றுகிற பகுதியோ மிகக் குறுகிய ஓர் எல்லைக்குள் வருபவற்றையே செவ்வையாகப் படிக்கவல்லது. ஆகையால், மெலிந்து வருவதைப் பெருக்கியும் வலுத்து வருவதைத் தணித்தும் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற தன்னியக்கப் பெருக்கக் கட்டுப்பாடு ஒன்று முன்னே நின்று வேலை செய்கிறது. பழைய வைஃபை முறைகளில் ஒன்றாகிய 802.11ஏ வகுத்த அமைப்பின்படி, ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் இதற்கென ஒதுக்கப்பட்டிருப்பது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு நேரமே. அந்த நொடிப்பொழுதுக்குள் பெருக்கத்தை நிர்ணயித்து, வந்ததன் உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு, எது இயல்பில் உயர்ந்தது, எது தூக்கிவிடப்பட்டது என்று அறிவது எங்ஙனம்? எவ்வளவு பெருக்கினோம் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கழித்தால்தான் உண்மை வெளிப்படும்.

உங்கள் தாய்மார் கொழுந்து மடுவத்தில் நிற்கும் காட்சியை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். தராசு காட்டுகிற எண் ஒன்று. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பின்னர் கணக்கில் ஏறுகிற எண் வேறொன்று. இரண்டுக்கும் இடையிலே நிற்கிற அந்தக் கழிவு நியாயமானதா என்பது நம் சமூகத்தின் மிகப் பழைய வழக்கு. இன்டெல் நிறுவனத்தின் ஒரு தலைமுறை வைஃபை சில்லுகளுக்காக லினக்ஸில் எழுதப்பட்ட இயக்கியிலே இதே கணக்கு ஒற்றை வரியில் கிடக்கிறது. அலைவாங்கிகள் தந்த அளவுகளில் மிகப் பெரியதை எடு, அதிலிருந்து பெருக்கத்தைக் கழி, பிறகு 44 என்ற மாறிலியைக் கழி, கிடைப்பதே டிபிஎம். சில்லு தந்த அளவு 40, பெருக்கம் 60 எனில், விடை −64. பெருக்கம் மிகுந்தால் சமிக்ஞை மெலிந்தது என்று பொருள் என்னும் குறிப்பையும் அந்த வரியின் அருகிலே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்திய ஒரு சில்லுக்கு மாறிலி 95. அளவு தெரிந்த சமிக்ஞையை ஆய்வுகூடத்திலே செலுத்தி ஒப்புநோக்கினாலன்றி இத்தகைய மாறிலிகளை நிர்ணயித்தல் இயலாது. அவ்வாறு நிர்ணயித்தவர் நியாயவானாயிருந்தால் எண் நியாயமாயிருக்கும்.

எல்லாச் சில்லுகளும் ஒரே தராசைப் பயன்படுத்துவதில்லை என்பது இவ்விஷயத்தின் அடுத்த சூட்சுமம். வைஃபைக்கு இலக்கணம் வகுத்த 802.11 நியமம், வாங்கப்பட்ட சமிக்ஞையின் வலிமையைக் குறிக்க பூஜ்யத்திலிருந்து 255 வரையுள்ள ஓர் எண்ணைத் தரலாம் என்று மட்டும் ஆதியிலே சொல்லி, அந்த எண்ணுக்கு அலகு யாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. விளைவாக, ஒரு நிறுவனம் நூறு வரைக்கும், மற்றொன்று அறுபது வரைக்கும், வேறொன்று முப்பத்தொன்று வரைக்கும் தத்தம் மனம்போல அளவுகோல் வெட்டிக்கொண்டன. ஏதெரோஸ் சில்லுகள் இரைச்சலின் தரைமட்டத்துக்கு மேலே சமிக்ஞை எத்தனை டெசிபெல் உயர்ந்து நிற்கிறது என்பதைத் தெரிவிக்கும்; இயக்கி அந்தத் தரைமட்டத்தை அதனோடு கூட்டி டிபிஎம் ஆக்கும். தரைமட்டத்தை அளந்தறிய வழியில்லாதபோது கொள்ள வேண்டிய எண்ணாக −95 என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண் ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. சாதாரண வெப்பநிலையில் ஒரு ஹேர்ட்ஸ் அகலத்துக்கு வெப்ப இரைச்சல் −174 டிபிஎம். வைஃபையின் 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்கு அதனோடு 73 கூட்ட −101. வாங்கியின் சொந்தக் குறைபாட்டுக்கு ஓர் ஆறு டெசிபெல் கூட்ட −95. உங்கள் பாடப்புத்தகத்திலே உயிரற்றுக் கிடக்கும் பௌதிக சூத்திரம், இயங்குகிற ஒரு மென்பொருளின் உள்ளே மாறிலியாக வந்து அமர்ந்திருப்பதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

லினக்ஸ் கருவை உருவாக்கியவர்கள் இந்தக் குழப்பத்துக்கு ஒரு நேர்மையான பரிகாரம் கண்டார்கள். அதன் கம்பியில்லாப் பகுதியோடு இணைகிற ஒவ்வோர் இயக்கியும், தான் தரும் எண் டிபிஎம்தானா, அன்றி அலகு குறிப்பிடப்படாத வெறும் எண்ணா என்பதை முன்கூட்டியே பிரகடனம் செய்தாக வேண்டும். தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொள்ளுவதற்கு ஒரு மென்பொருளில் இடம் வைத்திருக்கிறார்களே, அந்தப் பண்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நம் அலுவலகப் படிவங்கள் பலவற்றில் அதற்கு இடமில்லை.

இவ்வளவு பிரயாசைப்பட்டுக் கணக்கிட்ட எண் மக்களின் கண்ணுக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டும். விண்டோஸ், −100 என்பதைப் பூஜ்ய சதவீதமாகவும் −50 என்பதை நூறு சதவீதமாகவும் கொண்டு இடைப்பட்டதை நேர்கோட்டிற் பங்கிடுகிறது. ஆன்ட்ராய்டின் பழைய பதிப்புகளோ −100 முதல் −55 வரை என்று எல்லை வகுத்துக் கோடுகளைப் பங்கிட்டன. ஆகவே −60 என்ற ஒரே சமிக்ஞை முதலாவதன் கணக்கிலே எண்பது சதவீதம். இரண்டாவதன் எல்லைகளைக் கொண்டு கணக்கிட்டால் எண்பத்தொன்பது. இதையாவது மன்னிக்கலாம். ரியல்டெக் சில்லுகளுக்கான சில இயக்கிகளிலே, சமிக்ஞையைச் சதவீதமாக்கிய பின், அதைக் கண்ணுக்கு இனிதாக்க இன்னொரு தடவை வளைக்கிற ஒரு சிறு செயற்கூறு உண்டு. அதன்படி, பூஜ்யத்திலிருந்து நூறு வரையுள்ள கணக்கில் வெறும் ஐந்து பெற்ற சமிக்ஞை, அதாவது −95 டிபிஎம் என்னும் இரைச்சலோடு இரைச்சலாய் மடிந்துகொண்டிருக்கிற சமிக்ஞை, நாற்பத்திரண்டு என்று வெளியே வருகிறது. நாற்பது பெற்றது எழுபத்தாறாகிறது. பிழைக்க வழியில்லாதவனுக்கு நாற்பத்திரண்டு மதிப்பெண் கொடுத்துச் சித்தியடைந்தாய் என்று அனுப்பும் ஆசிரியரை நாம் கருணையாளர் என்று சொல்வதில்லை. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2010 ஜூனில் ஐபோன் 4 வெளிவந்து, கையிற் பிடித்தால் கோடுகள் விழுகின்றன என்ற புகார் எழுந்தபோது, ஆப்பிள் நிறுவனம் ஜூலை மாதத் தொடக்கத்திலே பகிரங்கமாகக் கடிதம் வெளியிட்டு, கோடுகளைக் கணக்கிடும் தன் சூத்திரமே முற்றிலும் தவறானது என்றும், பல சந்தர்ப்பங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டி வந்தது என்றும் ஒப்புக்கொண்டது.

இயக்கி எழுதும் ஆவல் உங்களிற் சிலருக்கு உண்டென்று அறிவேன். அவர்களுக்குச் சில வார்த்தைகள். கருவுக்குள்ளே தசமக் கணக்குப் போடுவதைத் தவிர்ப்பார்கள் என்பதால் மடக்கை காண்பதற்குப் பட்டியலும் முழு எண்ணுமே துணை. எட்டு பிட்டுக்குள் அடக்கிய −60ஐக் குறியில்லாத எண்ணாகப் படித்தால் 196 என்று விபரீதமாக முகங்காட்டும். இரண்டு அலைவாங்கிகளில் ஒன்று −60, மற்றொன்று −70 எனில், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி −65 என்பது பெரும்பிழை. சக்தியாக மாற்றிக் கூட்டினால் −59.6 வரும், அதுவே சரி. ஒரு பொதியின் எண்ணை மட்டும் நம்பாமல், பழையதற்கு அதிகப் பங்கும் புதியதற்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துச் சராசரியை நகர்த்திக்கொண்டு போவது லினக்ஸின் வழக்கம்.

இத்தனையும் சரியாகச் செய்து பெற்ற எண்ணும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. அது வந்து சேர்ந்த பொதிகளின் வலிமையை மட்டுமே அறியும். வழியிலேயே மடிந்த பொதிகள் எந்த எண்ணையும் விட்டுச் செல்வதில்லை. ஆதலால் சமிக்ஞை மிக மெலிந்த இடத்தில், தப்பிப் பிழைத்து வந்த சில பொதிகளின் சராசரி, நிலைமையை உள்ளதைவிட நல்லதாகவே காட்டும். இணையவழி வகுப்புக்கு வந்தவர்களைக் கேட்டுவிட்டு எல்லாருக்கும் இணையம் கிடைத்தது என்று அறிக்கை எழுதியவர்களின் பிழையும் இதே பிழைதான். இன்னும், வைஃபையின் எண்ணையும் நான்காம் தலைமுறைக் கைத்தொலைபேசி வலையமைப்பின் எண்ணையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடாதீர்கள். பின்னது அலைவரிசையின் மிகச் சிறிய ஒரு கூற்றில் மட்டும் அளக்கப்படுவதால் அங்கே −100 என்பது வேலை செய்யக்கூடிய நிலை. வைஃபையில் −100 என்றால் இணைப்பே இல்லை.

நம் மலைகளின் விஷயத்துக்கு வருகிறேன். தடையற்ற வெளியிலே தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபெல் குறையும் என்பது 1946இல் ஹரால்ட் பிரிஸ் வெளியிட்ட சூத்திரத்திலிருந்து பெறப்படுவது. ஆனால் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் அக்கரப்பத்தனையிலும் தடையற்ற வெளி எங்கே? குன்றின் முதுகு ஒன்று குறுக்கிட்டுவிட்டால், அதன் விளிம்பிலே வளைந்து கீழே இறங்குகிற சிறு மிச்சமே பள்ளத்து லயத்துக்குப் பிராப்தம். அதையும் கூரைத் தகரம் தட்டித் திருப்பிவிடுகிறது. உள்ளே வருவது பெரும்பாலும் கதவு, ஜன்னல் வழியாக நுழைவதே. மூடுபனியின்மேல் பழிபோடுகிற பழக்கம் நம்மிடையே பலமாக இருக்கிறது. பனித்துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்களவே, வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளமோ பன்னிரண்டரை சென்றிமீற்றர். இவ்வலைக்குப் பனி ஒரு பொருட்டேயன்று. மழை நின்ற பின்னும் ஈரத்தைச் சுமந்து நிற்கிற இலைச்செறிவுதான் அலையை விழுங்குவது. நிழல் மரங்களின் ஊடே கோபுரத்தை நோக்கியிருக்கும் வீடுகளில் மழைக்காலத்துக் குறைவுக்கு அதுவே பெரும்பாலும் ஹேது. இதையெல்லாம் வாயாற் சொன்னால் வாதம். எண்ணாற் காட்டினால் சாட்சியம்.

1990களின் இறுதியிலே, கொத்மலைச் சமூக வானொலி நிலையம் யுனெஸ்கோவின் துணையோடு, கேட்போர் விரும்பிய விஷயங்களை இணையத்தில் தேடி வானொலியிலே வாசித்துச் சொன்னது. தொடர்பாடலில் பரிசோதனை செய்வது இந்த நுவரெலியா மாவட்டத்துக்குப் புதிதன்று. 2021இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கிராமங்களுக்குக் கோபுரங்கள் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எங்கே கோபுரம் வேண்டும் என்பதை நிர்ணயிக்கையில் பயன்படும் அலைபரப்பு வரைபடங்கள் பெரும்பாலும் கணிப்பு மாதிரிகளால் வர்ணம் தீட்டப்படுபவை. சமிக்ஞை உண்டென்று உங்கள் தோட்டத்தின்மேல் தீட்டிய பச்சை வர்ணத்தை அழிக்க, "எங்களுக்கு ஒரு கோடுதான் வருகிறது" என்ற விண்ணப்பத்தால் முடியாது.

ஆகையால் உங்களிடம் நான் வேண்டுவது இது. விடுமுறைக்கு லயத்துக்குத் திரும்பும்போது, பாடசாலையிலும் பிரட்டுக்களத்திலும் ஒவ்வொரு லயத்தின் உள்ளேயும் வெளியேயும் நின்று அளந்து எழுதுங்கள். சதவீதத்தையும் கோடுகளையும் விட்டுவிட்டு டிபிஎம் எண்ணை எழுதுங்கள். எந்தக் கருவி, எந்த வலையமைப்பு, எந்த நேரம், மழையா வெயிலா என்பதைப் பக்கத்திலே குறியுங்கள். தொடர்பே கிடைக்காத இடத்தை வெற்றிடமாக விடாமல், கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். ஒரே இடத்தில் இரண்டு கருவிகள் வேறு வேறு எண் காட்டினால் இரண்டையும் பதியுங்கள். எது பொய் சொல்கிறது என்று அதன் இயக்கியைத் திறந்து பாருங்கள், லினக்ஸில் அது எவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது, திருத்தம் அனுப்பவும் எவருக்கும் உரிமை உண்டு. சேர்ந்த ஏட்டைப் பிரதேச சபைக்கு ஒரு பிரதி, ஆணைக்குழுவுக்கு ஒரு பிரதி, பாடசாலை அதிபருக்கு ஒரு பிரதி என்று கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து உங்கள் மூத்த சகோதரன்